புல்லுக்கு வந்த நோய்

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி செல்லும் வழியில், எங்கள் பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றில், சிற்றாலயத்தின் முன்னே மாதா கெபி ஒன்று உண்டு. அதனைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு சென்ட் நிலம். கடல் கடந்து பணிபுரியும் அவ்வூர் இளைஞர் ஒருவர் 2022-ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது, அவ்விடத்தில் பசும்புல் தரை ஒன்றைத் தம் செலவில் அமைத்துக் கொடுத்தார். நாற்றுப் பண்ணைக்காரர்கள் 'கொரியன் புல்' என்று பெயர் சொல்லி விற்கும் புல் அது. நெருக்கமாக, மெத்தை போல வளரும். ஞாயிறுதோறும் பிள்ளைகள் அதன்மேல் உருண்டு விளையாடுவதைக் காண எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

அப்புல்லைப் பேணும் பொறுப்பை நானே மேற்கொண்டேன். மேற்கொண்டேன் என்றால், பிள்ளைகளை ஏவினேன் என்று பொருள். மாலைச் செபமாலை முடிந்ததும் நாள்தோறும் நீர் விடச் செய்தேன். நெல்லுக்கு இடும் யூரியா புல்லுக்கும் ஆகும் என்று எண்ணி, அதனையும் தாராளமாகத் தூவச் செய்தேன். குருமடத்தில் மெய்யியல் கற்பித்தார்கள், இறையியல் கற்பித்தார்கள், புல் வளர்க்கக் கற்பித்தார்கள் இல்லை.

2023-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்து போயிற்று. அடுத்த வாரமே புல்தரையில் வட்ட வட்டமாகப் பழுப்பு நிறம் தோன்றியது. தாம்பாளம் அளவில் தொடங்கிய வட்டங்கள் நாலைந்து நாள்களில் முற்றத்துக் கோலம் அளவிற்கு விரிந்தன. புல் தாகத்தால் காய்கிறது என்று முடிவு செய்து, நீரை இன்னும் கூட்டினேன்.

ஒரு நாள் வைகறையில் திருப்பலிக்காக அங்குச் சென்றபோது, பனிமூட்டத்தினூடே ஒருவர் நீண்ட மூங்கில் கழி ஒன்றைப் புல்லின்மேல் இடமும் வலமுமாக வீசிக்கொண்டிருப்பதைக் கண்டேன். பாம்பை விரட்டுகிறார் போலும் என்று எண்ணி, வண்டியை விட்டு இறங்காமலே நின்றேன். "பாம்பு இல்லை, சாமி, பனியைத் தட்டுகிறேன்" என்றார் அவர். அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெரியவர். முப்பத்து நான்கு ஆண்டுகள் வெளியூரில் வேலை பார்த்து, 2018-இல் ஊர் திரும்பியவர் என்பதை மட்டும் அறிவேன். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை.

அவர் குனிந்து, பழுப்பு வட்டத்தின் ஓரத்தில் ஒரு புல்லைப் பிடித்து இழுத்தார். அது எதிர்ப்பின்றிக் கையோடு வந்தது. அடியில் இலையுறை கறுத்து அழுகியிருந்தது. தாகத்தால் காய்ந்த புல் அப்படி வராதாம். வேரைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம். "இது பூசணம், சாமி. நீங்கள் சாயங்காலம் சாயங்காலம் அதற்கு விருந்து வைக்கிறீர்கள்."

அவர் வேலை செய்தது ஒரு கோல்ஃப் திடலில். நம் மாநிலத்தின் எல்லைக்கு அப்பால் உள்ள ஒரு பெருநகரில் அத்திடல் இருக்கிறது. ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் இக்கட்டுரைக்குத் தேவை இல்லை. இதில் வரும் இருவரும் இதனை எழுத இசைந்தனர். பெயர் மட்டும் வேண்டா என்றனர். வைகறையில் எனக்குச் சொல்லப்பட்டவை கெபியின் திண்ணையில் சொல்லப்பட்டவை என்பதையும், ஒப்புரவுத் தொட்டிக்கும் இக்கதைக்கும் தொடர்பில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

கோல்ஃப் ஆட்டத்தை நம்மில் பலர் தொலைக்காட்சியில்கூடப் பொறுமையாகப் பார்த்திருக்க மாட்டோம். ஆங்கிலேயர் நம் நாட்டிற்குக் கொணர்ந்த ஆட்டம் அது. கொல்கத்தாவில் 1829-லேயே சங்கம் கண்டது. நம் கொடைக்கானலில் 1895-இல் தொடங்கியது. பெரிய திடலில் பதினெட்டுக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியைச் சுற்றிலும் ஏறத்தாழ ஐந்நூறு சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் பன்னிரண்டு சென்ட் பரப்பில், கம்பளம் போன்ற புல்தரை ஒன்று அமைத்திருப்பார்கள். தொழிலாளர் மொழியில் அதற்குக் 'கிரீன்' என்று பெயர். அதன்மேல் பந்தை மெல்லத் தட்டி உருட்டிக் குழியில் விழச் செய்ய வேண்டும். பந்து பிசகாமல் உருள வேண்டுமானால் புல் நாலைந்து மில்லிமீட்டர் உயரத்திற்குமேல் இருத்தல் ஆகாது. ஆகவே அன்றாடம் வெட்டுகிறார்கள்.

வெட்டப்படுவது என்ன புல் தெரியுமா? நம் வரப்பில் கேட்பாரற்றுக் கிடக்கும் அறுகம்புல்தான்! மாடு மேய்ந்தாலும், மண்வெட்டியால் கொத்தி எறிந்தாலும், கோடையில் கருகினாலும், ஒரு கணு மண்ணில் கிடந்தால் மீண்டும் தழைக்கின்ற அதே அறுகு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்னும் ஊரில், கிளென் பர்ட்டன் என்னும் பயிர் விஞ்ஞானி இந்த அறுகை ஆப்பிரிக்காவின் மெல்லிய அறுகினம் ஒன்றுடன் கலந்து, 1956-இல் 'டிஃப்கிரீன்' என்னும் புது வகையை வெளியிட்டார். அதிலிருந்து குட்டை வகையாகிய 'டிஃப்ட்வார்ஃப்' 1965-இல் வெளிவந்தது. வெப்ப நாடுகளின் கிரீன்கள் பலவற்றிலும் விரிந்து கிடப்பவை இவையும் இவற்றின் வழி வந்தவையுமே. நம் இந்து சகோதரர்கள் பிள்ளையாருக்குச் சாத்துகின்ற அறுகும், செல்வந்தர் பந்து உருட்டுகின்ற அறுகும் உறவு முறைதான் என்று பெரியவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பின்னர்ப் புத்தகம் பார்த்துத் தெளிந்தேன்.

வரப்பில் எதற்கும் அஞ்சாத அப்புல், கிரீனில் ஏன் நோய்ப்படுகிறது? பெரியவரின் விளக்கம் எளியது. "தினமும் மொட்டை அடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்காதா, சாமி?" இலைதான் புல்லின் அடுப்பங்கரை. அங்கேதான் வெயிலைக்கொண்டு உணவு சமைக்கப்படுகிறது. இலையை நாள்தோறும் வெட்டிவிட்டால் உணவு குறைகிறது. உணவு குறைய வேர் குட்டையாகிறது. குட்டை வேருக்கு அடிக்கடி நீர் தேவைப்படுகிறது. அடிக்கடி நீர் விட ஈரம் நிற்கிறது. ஈரம் நின்றால் பூசணம் எழுகிறது. போதாக்குறைக்கு, வெட்டுவாயின் காயம் ஒவ்வொன்றும் நோய்க்குத் திறந்த வாசல். வெட்டும் இயந்திரத்தின் அலகு மழுங்கியிருந்தால் புல் அறுபடாமல் கிழிபடும்; வாசல் இன்னும் அகலும்.

பூசணத்தை எவரும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அது மண்ணிலும் மட்கிய சருகிலும் எப்போதும் உறங்கிக்கொண்டிருக்கிறது. அது நோயாக எழுவதற்கு மூன்று ஒருசேரக் கூட வேண்டும்: இடங்கொடுக்கும் பயிர், காத்திருக்கும் பூசணம், அதற்கு உகந்த வானிலை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நோய் இல்லை. பயிர் நோயியலார் இதனை முக்கோணமாக வரைந்து காட்டுவர். நான் குருமாணவனாக இருந்த காலத்தில் அரிஸ்டாட்டிலின் நால்வகைக் காரணங்களை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தேன். ஒரு காரியத்திற்கு ஒரு காரணம் மட்டும் இருப்பதில்லை என்பது அப்போது விளங்கவில்லை. இந்தப் பெரியவரின் புல்லைக்கொண்டு விளங்கியது. அந்த விளக்கம் பின்னர் எனக்குத் தொல்லை தந்தது என்பது வேறு.

பெரியவருக்குத் தெரிந்த நோய்கள் பல. அவற்றுள் மூன்றைப் பற்றி அவர் பேசும்போது குரல் மாறும். வெள்ளி நாணயம் அளவிற்கு வைக்கோல் நிறத்தில் புள்ளி புள்ளியாக விழுவது ஒன்று. அதற்கு 'டாலர் புள்ளி' என்றே பெயர். பென்னட் என்பவர் 1937-இல் அதன் பூசணத்திற்கு ஓர் அறிவியல் பெயர் இட்டார். அது தவறான குடும்பத்தில் சேர்க்கப்பட்டது என்று கண்டு, 2018-இல் 'கிளாரிரீடியா' எனப் பெயர் மாற்றினர். இது பட்டினி கிடக்கும் புல்லில் வரும் நோய். தழைச்சத்து குறைந்த இடத்தில் மிகும். இரண்டாவது 'பழுப்புத் திட்டு'. இதற்குக் காரணம் ரைசாக்டோனியா என்னும் பூசணம். இது முதலாவதற்கு நேர்மாறு. யூரியா தின்று கொழுத்துச் சதைப்பிடிப்பாக நிற்கும் புல்லையே இது தேடிப் பிடிக்கும். ஆகவே, நோய் இன்னதென்று அறியாமல் உரமிடுவோன் ஒன்றைத் தணிக்கப் போய் மற்றொன்றை வளர்ப்பான். என் கெபிப் புல்லுக்கு வந்தது இந்த ரைசாக்டோனியாவே.

மூன்றாவது பித்தியம். இதனைப் பற்றிப் பெரியவர் பேசத் தொடங்கினால் எழுந்து நின்றுவிடுவார். பகல் முப்பது பாகை செல்சியசுக்கு மேலும் இரவு இருபதுக்குக் கீழிறங்காமலும் இருந்து, இலை பன்னிரண்டு மணி நேரத்திற்குமேல் ஈரமாகவே கிடந்தால், ஒரே இரவில் இது ஒரு கிரீனை அழித்துவிடும். விடியலில் பார்த்தால் புல்லின்மேல் பஞ்சு பிரித்துப் போட்டாற்போல் வெள்ளை நூல் படர்ந்திருக்கும். தொட்டால் எண்ணெய் தடவினாற்போல் வழுவழுக்கும். வெயில் ஏறியதும் நூல் மறைந்து போகும்; எஞ்சுவது அழுகிய புல். எட்டு மணிக்கு வரும் மேலாளர் நோயைக் காணமாட்டார், பிணத்தைத்தான் காண்பார். உயிர்நூல் வல்லார் இதனைப் பூசணம் என்றே ஏற்பதில்லை. பாசி இனங்களுக்கு நெருங்கிய நீர்வாழ் உயிரி என்கின்றனர். இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. கார்பென்டசிம் போன்ற வழக்கமான பூசணக்கொல்லி இதன்மேல் வேலை செய்யாது. மெட்டலாக்சில் போன்ற வேறு மருந்து தேவை.

ஆகவேதான் அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் அதிகாலை நாலரை மணிக்குக் கிரீனில் நின்றிருக்கிறார். முதல் வேலை மூங்கில் கழியால் பனியைத் தட்டுவது. இலை நுனியில் விடியற்காலையில் நிற்கும் துளி முழுவதும் வானத்துப் பனி அன்று. புல் தன் உடம்பிலிருந்தே கசியவிடும் நீரும் அதில் உண்டு; அதில் சர்க்கரையும் பிற சத்துகளும் கலந்திருக்கும். பூசணத்திற்கு அது கஞ்சி. கழியால் தட்டி அதனைச் சிதறடித்தால் இலை இரண்டு மணி நேரம் முன்னதாகவே காய்ந்துவிடும். பிரித்தானியத் திடல்களிலும் ஒரு காலத்தில் இவ்வாறே மூங்கில் வீசியிருக்கிறார்கள். நம் உழவர்கள் நெற்பயிரின்மேல் கயிறு இழுத்துக் கூண்டுப்புழுவை உதிர்ப்பதைப் பார்த்து வளர்ந்த பெரியவருக்கு, இவ்வேலையை எவரும் இருமுறை சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நீரும் அதே வைகறையில்தான் விடவேண்டும். ஏற்கெனவே பனியால் நனைந்த இலைக்கு அப்போது நீர் விட்டால், நனைந்திருக்கும் நேரம் கூடுவதில்லை. மாலையில் விட்டால், ஆறு மணி முதல் மறுநாள் எட்டு மணி வரை பதினான்கு மணி நேர ஈரம். பூசணத்திற்கு நாமே பாய் விரித்த கதை. கிழக்கே நிழல் தரும் மரக்கிளைகளைக் கழிப்பது, மட்காத நார்ப்படிவைத் துளையிட்டு எடுத்து மணல் தூவுவது, யூரியாவைக் கரண்டிக் கணக்கில் அளந்து இடுவது, நோய்ப்பட்ட கிரீனைக் கடைசியாக வெட்டி இயந்திரத்தைக் கழுவிய பின்னரே கொட்டகையில் ஏற்றுவது என்று மற்றவையும் உண்டு. தரமான கிரீனின் அடியில் பத்து சென்டிமீட்டர் சரளையும் அதன்மேல் முப்பது சென்டிமீட்டர் மணலும் பரப்பியிருப்பார்கள். அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தார் 1960-இல் வெளியிட்ட முறை அது. நீர் நிற்காமல் இறங்கிப் போவதற்கே அவ்வளவு ஏற்பாடும்.

மருந்து எல்லாவற்றிற்கும் பின்னர் வருவது. ஆயினும் மருந்தை முன்னே வைத்ததால் நேர்ந்த தீங்கின் வரலாறும் உண்டு. முதலில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோக் கலவையைத் தெளித்தனர். செம்பு மண்ணில் சேர்ந்து புல்லையே நஞ்சாக்கிற்று. 1920-களில் பாதரச உப்புகளுக்கு மாறினர். நம் சித்த மருத்துவர்கள் வீரம் என்றும் பூரம் என்றும் சொல்லிப் பெட்டியில் பூட்டி வைத்து, குன்றிமணிக் கணக்கில் சுத்தி செய்து எடுக்கின்ற அதே சரக்குகள். அவற்றை அந்நாட்டவர் புல்லின்மேல் பல ஆண்டுகள் இறைத்தனர்! 1990-களில்தான் அமெரிக்காவில் அதன் கடைசிப் பயன்பாடும் நின்றது. இன்றைய மருந்துகள் அவற்றிலும் மேலானவை. ஆனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் பழகிக்கொள்கிறது. டாலர் புள்ளி அவ்வாறு ஒரு மருந்துக் குடும்பத்தையே 1970-களில் செல்லாக்காசாக்கிவிட்டது.

இவற்றையெல்லாம் பெரியவர் ஒரே நாளில் சொல்லவில்லை. மார்கழி முழுவதும், திருப்பலிக்கு முன் கால் மணி நேரம், திண்ணையில் அமர்ந்து சொன்னார். நான் மாலை நீரை நிறுத்தினேன். யூரியா மூட்டையைப் பூட்டினேன். வட்டங்கள் விரிவது நின்றது. நன்றி சொல்லும் விதமாக, "உங்கள் கையில் ஒரு கிரீனும் செத்திருக்காது" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "ஒன்று செத்தது, சாமி" என்றார்.

அது 2003-ஆம் ஆண்டு. பெரிய போட்டி ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. கிரீன்கள் பச்சைப்பசேல் என்று தெரிய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பத்து நாளுக்கு முன் வழக்கத்தைவிடக் கூடுதலாக யூரியா இட்டிருந்தார்கள். மூன்று நாளாக இடிமழையும் புழுக்கமும். அன்று மாலை, ஒன்பதாம் கிரீனின் ஓரம் வாடியிருக்கக் கண்டு, ஐந்தே நிமிடம் குளிரவிடலாம் என்று பெரியவர் தெளிப்பானின் வால்வைத் திறந்தார். அந்நேரம் அலுவலகப் பையன் ஓடி வந்தான். ஊரில் தாயாருக்கு முடியவில்லை என்று தொலைபேசிச் செய்தி. போட்டது போட்டபடி ஓடி, இரவுப் பேருந்தைப் பிடித்தார். விடிந்து வீடு சேர்ந்தார். தாயார் அவரை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டிருந்து, நண்பகலில் இறந்தார்.

அங்கே, நள்ளிரவில் காவலாளி கண்டு மூடும் வரை நீர் ஓடியிருக்கிறது. மறுநாள் நோய் தெரியாமலே இயந்திரம் ஓட்டப்பட்டு, சக்கரம் போன வழியெல்லாம் பித்தியம் கோடு கோடாகப் பரவிற்று. முதலில் கார்பென்டசிம் அடித்து இரண்டு நாள் வீணாயிற்று. பெரியவர் காரியம் முடித்துத் திரும்பியபோது ஒன்பதாம் கிரீனில் புல் இல்லை. அவருடன் வேலை செய்த இளைஞரும் இல்லை.

மாலையில் வால்வுகளைச் சுற்றிப் பார்த்து மூடுவது அவ்விளைஞரின் முறை. இருபத்து நான்கு வயது. வந்தவாசிப் பக்கத்துப் பையன். பெரியவரே அழைத்துச் சென்று வேலையில் சேர்த்தவர். அன்று அவர் தம் சுற்றை முடித்த பின்னரே பெரியவர் வால்வைத் திறந்தார். விசாரித்தபோது இளைஞர், "மூடினதாகத்தான் நினைவு, விட்டுப்போயிற்றோ என்னவோ" என்றாராம். அந்த வாரக் கூலியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "உன் ஊர்ப் பையன் செய்த வேலையைப் பார்" என்று மேலாளர் சொன்னபோது, பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள்.

நான் அவருக்கு ஆறுதல் கூற முயன்றேன். அவரிடமே கற்ற பாடத்தைக்கொண்டு கூறினேன். கூடுதல் யூரியா இடச் சொன்னவர் வேறொருவர். புழுக்கம் எவர் கையிலும் இல்லை. இயந்திரம் ஓட்டியவர் வேறொருவர். தவறான மருந்தைத் தேர்ந்தவர் இன்னொருவர். வால்வு மட்டும் திறந்திருந்து மற்றவை இல்லாதிருந்தால் கிரீன் பிழைத்திருக்கவும் கூடும் அல்லவா? நன்றாகத்தான் வாதிட்டேன் என்று நினைக்கிறேன்.

"இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே, சாமி" என்றார் அவர். "யூரியாவுக்கு யூரியாக்காரன் கணக்குச் சொல்லட்டும். வால்வு என்னுடையது. நான் இன்னும் கணக்குக் காட்டவில்லை."

கணக்கு என்னும் அச்சொல் என்னைத் தைத்தது. எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை அறியாதார் இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் குடவோலைத் தேர்தலுக்கு வகுக்கப்பட்ட விதிகள் கோயிற் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏரியைப் பேண ஒரு வாரியம். தோட்டங்களைப் பேணப் பன்னிருவர் கொண்ட தோட்ட வாரியம் ஒன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரையும், அவன் உறவினர் பெயரையும் மீண்டும் குடத்தில் இடலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவரே குடத்திற்குத் தகுதியுடையார் என்பதும் அதே சுவரில்தான் உள்ளது. எங்கள் பெரியவரின் முன்னோர்க்கு அவ்வாசல் திறந்திருக்காது. ஆயினும் தோட்டக்காரரின் கணக்கு இன்னதென்று அவரைவிட நன்கு அறிந்தவரை நான் கண்டதில்லை.

அவ்விளைஞர் எங்கே இருக்கிறார் என்பது பெரியவருக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது. ஐந்து வருடமாக அவ்வழிப் பேருந்திலேயே ஏறாமல் இருந்திருக்கிறார். நான் முன்னே சென்று பேசி வைக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், சாமி. நீங்கள் சொன்னால் அவன் மன்னித்தே ஆக வேண்டியிருக்கும்" என்றார். வண்டியில் அழைத்துச் செல்ல மட்டும் அனுமதித்தார்.

2024 சனவரியில், பொங்கலுக்கு முந்திய வாரம், விடியற்காலையில் சென்றோம். நான் சாலையில் வண்டியோடு நின்றேன். அவர் வரப்பில் இறங்கி நடந்தார். ஒரு ஏக்கர் குத்தகை நிலம். பொதி கட்டிய சம்பா நெல். நாற்பத்து நான்கு வயது மனிதர் ஒருவர் மண்வெட்டியோடு நிமிர்ந்து நின்றார். அங்குப் பேசப்பட்டதைப் பெரியவர் பின்னர் சொல்லக் கேட்டதே நான் அறிவது.

சொல்லி முடித்ததும் அம்மனிதர் நெடுநேரம் வாய் திறக்கவில்லையாம். பிறகு, "ராத்திரியில் மூன்று தடவை எழுந்து அடுப்பு வாயுவை மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். மோட்டாரை நிறுத்தினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். இருபது வருடம்" என்றாராம். மாமா என்று முன்பு அழைத்தவர் அன்று அவ்வாறு அழைக்கவில்லை. ஏன் அப்போதே சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் பெரியவர்.

என்ன செய்வதென்று அறியாமல் பெரியவர் கீழே பார்த்திருக்கிறார். நெல்லின் இலையுறையில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, சாம்பல் நடுவும் பழுப்பு ஓரமுமாகப் பாம்புச் சட்டை போன்ற திட்டுகள். இலையுறைக் கருகல். இந்தியாவில் 1963-இல் பஞ்சாபின் குர்தாஸ்பூரில் முதன்முதலில் பதிவான நோய். கிளை வேறாயினும், கிரீனில் பழுப்புத் திட்டாகவும் என் கெபியில் வட்டமாகவும் வந்த அதே ரைசாக்டோனியாதான். கடுகளவுள்ள அதன் பழுப்பு மணிகள் நீரில் மிதந்து வந்து தண்டில் ஒட்டிக்கொள்ளும். நீர் ஓடும் வயலுக்கெல்லாம் கூடவே ஓடும். நெருங்க நட்டு, யூரியாவைக் கூட்டி, நீரைத் தேக்கி வைத்தால் மேலே மேலே ஏறிக் கொடியிலை வரை போகும். நடவுக்கு முன்னரே ஏக்கருக்கு 60 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட்டு, சூடோமோனாஸ் தெளித்து, வரப்புப் புல்லைச் செதுக்கி வைத்திருக்க வேண்டும். அதற்குக் காலம் கடந்துவிட்டது.

பெரியவர் குனிந்து ஒரு தூரை விலக்கிக் காட்டினார். மேலுரம் இனி இடாதே என்றார். தண்ணீரை இன்றே வடி என்றார். அடுத்தவன் வயலில் திருப்பாதே, இந்த மணி அங்கே போய் முளைக்கும். வடிகாலில் விடு என்றார். இவ்வளவே சொன்னாராம்.

நான் சாலையிலிருந்து கண்டது இது. அம்மனிதர் பெரியவரைத் திரும்பிப் பாராமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலின் மறுகோடிக்கு நடந்தார். அடுத்த வயலின் மடை அருகிலேயே இருந்தது. அதனைக் கடந்து, வடிகால் ஓரம் வரை சென்று, அங்கே வரப்பை வெட்டினார். நீர் இறங்கிற்று. பெரியவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்து வண்டியின் பின்னே ஏறிக்கொண்டார்.

மாசியில் அவ்வயல் அறுவடை ஆயிற்று. ஓரமாகக் கொஞ்சம் பதர் போயிற்று, மற்றது தேறிற்று. அன்று பெரியவர் அழைப்பில்லாமலே பேருந்து ஏறிப் போய், களத்தில் நாள் முழுவதும் நெல் தூற்றியிருக்கிறார். கூலி அவர் கேட்கவில்லையாம். அம்மனிதர் கொடுக்கவும் இல்லையாம். மதியம் சோறு மட்டும் போட்டார்கள் என்றார்.